எட்டுக் கேஸ்கெட்டும் ஒரு தாய்மாமனும்

குளவிக்காட்டில் முதன்முதலில் தரையை விட்டு எழும்பியது பால்காரர் வீட்டு எருமை. சித்திரை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அது ஓடையில் வயிறுமுட்டத் தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்து, நாலு காலும் தரைக்கு ஒரு சாண் மேலே தொங்க, எதுவும் நடக்காததுபோல அசைபோட்டுக்கொண்டே கொட்டகைக்குத் திரும்பியது. பால்காரர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இன்றைக்குக் குளம்பில் சேறு ஒட்டவில்லை, கழுவுகிற வேலை மிச்சம் என்று சொல்லிக் கறக்க உட்கார்ந்தார். கறந்து முடித்து அவர் எழுந்தபோது முக்காலி கீழேயே இருக்க அவர் மட்டும் தேவைக்கு மேல் எழுந்துவிட்டார், ஏனென்றால் அவரும் காலையில் அதே ஓடைத் தண்ணீரில்தான் டீ குடித்திருந்தார். பொழுது சாய்வதற்குள் நூற்றி நாற்பது வீட்டுச் சனமும், ஆடும் கோழியும், வாத்தியார் வளர்த்த சௌசௌ கொடியும் லேசாகிப் போயின.

எங்கள் ஊருக்கு நேர் மேலே மொட்டைப்பாறை, மொட்டைப்பாறைக்கு மேலே மேகமாளிகை என்கிற ரிசார்ட்டு, ரிசார்ட்டின் முற்றத்தில் ஒரு குமிழித் தொட்டி. ஆறு பேர் உட்காரக்கூடிய வெந்நீர்த் தொட்டி அது. அதன் சுவரில் எட்டுப் பீச்சுக்குழாய்கள் உண்டு. பொத்தானை அமுக்கினால் எட்டுப் பக்கமிருந்தும் தண்ணீர் குமிழி கட்டிக்கொண்டு முதுகில் வந்து மோதும். சேலத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள் குளிரில் பல் கிட்டிக்க அதில் இறங்கி உட்கார்ந்து எங்கள் ஊரை வேடிக்கை பார்ப்பார்கள், நாங்களும் கீழேயிருந்து அவர்களை வேடிக்கை பார்ப்போம், அதற்கும் இதற்கும் சரியாகிவிடும். பீச்சுக்குழாய் தொட்டிச் சுவரைத் துளைத்து வருகிற இடத்தில் ரப்பர் கேஸ்கெட்டு ஒன்றை வளையம்போல் வைத்து இறுக்கியிருப்பார்கள். ஏழு வருடச் சூட்டில் அந்த எட்டு வளையமும் தேய்ந்து, விறைத்து, வெடித்து, தண்ணீர் சொட்டுச்சொட்டாகக் கசிந்து பாறையில் இறங்கி ஓடையில் கலந்தது. தொட்டிக்குள் இருக்கும்வரை அது வெறும் வெந்நீர்தான், தேய்ந்த கேஸ்கெட்டைத் தாண்டி வந்த பிறகுதான் அதற்கு இந்தக் குணம். ஏன் என்று எங்களைக் கேட்காதீர்கள், ஜாடியில் எடுத்துப்போய்ச் சோதித்தவர்கள்கூடத் தண்ணீரில் இரும்புச் சத்து கொஞ்சம் கூடுதல் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

பஞ்சாயத்துத் தலைவி பாவாயி இரண்டாம் நாளே தண்டோரா போட்டுவிட்டார். அவர் எதற்கும் அசராதவர், காட்டெருமை பள்ளிக்கூடத்துக்குள் புகுந்தபோதுகூட வருகைப் பதிவேட்டை எடுத்து வெளியே வையுங்கள் என்றவர். பெரியவர்கள் இடுப்பில் அம்மிக் குழவி கட்ட வேண்டும், சின்னவர்கள் பையில் கூழாங்கல் போட வேண்டும், தூங்குகிறவர்கள் கட்டிலோடு சேர்த்து வேட்டியால் கட்டிக்கொள்ள வேண்டும், யாரும் வெட்டவெளியில் தும்மக் கூடாது. ஒரு வாரத்தில் எல்லாம் பழகிப்போயிற்று. பெண்கள் ஏணியில்லாமல் சவுக்கு மரத்து உச்சிவரை போய் மிளகு பறித்தார்கள், கூரை வேய்கிறவர்கள் குழவியை அவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்கு ஏறினார்கள், மாரியம்மன் கோயில் கும்மியை அறுபது வயதுக்காரிகள் கோபுரக் கலசத்துக்குச் சமமாக நின்று அடித்தார்கள், மூட்டுவலித் தைலம் விற்கிறவர் எங்கள் நிறுத்தத்தில் இறங்குவதையே விட்டுவிட்டார். சண்டை அற்றுப்போனதுதான் எல்லாவற்றிலும் விசேஷம். ஒருவன் ஒருவனை அறைந்தால் அறைந்தவன் இந்தப் பக்கம் பத்தடி போனான், அறை வாங்கினவன் அந்தப் பக்கம் பத்தடி போனான், இரண்டு பேரும் திரும்பி வந்து சேர்வதற்குள் எதற்கு ஆரம்பித்தோம் என்பது மறந்துவிட்டது.

கேஸ்கெட்டு மாற்றத் தெரிந்தவன் இந்த மலையில் ஒருவன்தான். அவன் பெயர் சடையப்பன், ஊரில் வாஷர் சடையன் என்றால்தான் தெரியும். ஒழுகுகிற குழாய், இழுக்காத மோட்டார், கத்துகிற பம்ப்பு எதுவானாலும் அவன் காதை வைத்துக் கேட்டுவிட்டு இன்ன வாஷர் போய்விட்டது என்று சொல்லிவிடுவான். அந்தக் காதுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவன் அக்கா அத்தாயி இரண்டு வயதுப் பிள்ளையோடு தாலியறுத்து நின்றபோது சடையப்பன் தனக்கென்று ஒரு கல்யாணம் பார்க்காமல் அக்காவுக்குத் துணையாக இருந்துவிட்டவன். அந்தப் பிள்ளை கோகிலவாணியை ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை தோளில் உட்காரவைத்து மூன்று மைல் இறக்கத்தில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டான். அவள் அவனுடைய இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு, இடது காதைத் திருகினால் இடது பக்கம், வலது காதைத் திருகினால் வலது பக்கம் என்று ஓட்டிக்கொண்டு போவாள். ஐந்து வருடத் திருகலில் அவன் காதுகள் இரண்டும் விரிந்து நின்றுவிட்டன, இன்றைக்கும் அப்படியேதான் நிற்கின்றன.

அந்தக் கோகிலவாணி பிற்பாடு குண்டு எறிதலில் மாநில அளவில் வெள்ளி வாங்கி, சேலத்தில் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை ஆனாள். தொண்ணூற்றாறு கிலோ. அவள் பஸ்ஸில் ஏறினால் பஸ் ஒரு பக்கம் தாழ்ந்து அவளை வரவேற்கும், அதை அவளே சொல்லிச் சிரிப்பாள். அவளுக்கும் அந்த மலைப் பஸ்ஸின் கண்டக்டர் கதிரேசனுக்கும் ஆனி மாதம் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம் என்று நிச்சயமானதிலிருந்து சடையப்பனுக்குத் தூக்கம் போயிற்று.

ஏனென்றால் எங்கள் ஊரில் மணப்பெண் மணவறைக்கு நடந்து போவதில்லை. தாய்மாமன் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பந்தல்காலிலிருந்து மணவறைவரை பதினெட்டு அடி. மாமனும் மருமகளும் சேர்ந்து வரும்போது தரையில் இரண்டு கால்தான் படலாம், மூன்றாவது கால் பட்டுவிட்டால் மாமன் தோற்றான். தோற்ற மாமன் அதற்குப் பிறகு அந்த வீட்டுக் காதுகுத்துக்கும் வளைகாப்புக்கும் மாமன் என்று சொல்லிக்கொண்டு வர முடியாது, அந்த உரிமை முறையில் அடுத்து வருகிற மாமனுக்குப் போய்விடும். சடையப்பனுக்கோ மூன்று வருடத்துக்கு முன் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து மோட்டாரை ஏற்றும்போது சங்கிலி நழுவி, இடுப்புத் தட்டு நகர்ந்து, தண்ணீர்க் குடத்துக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படி அடுத்து வருகிறவன் சடையப்பனுடைய பெரியப்பா மகன் ஏழுமலை, லாரியில் மரம் ஏற்றுகிறவன், கதவுக்குள் பக்கவாட்டில் நுழைகிற தோள். அவன் கெட்டவனில்லை. பார்க்கும்போதெல்லாம், "அண்ணா, முடியலீன்னா சொல்லுங்க, நான் இருக்கறன்" என்பான். அந்த ஒரு வார்த்தைதான் சடையப்பனுக்கு இடுப்பைவிட அதிகமாக வலித்தது.

இப்படிப்பட்ட சமயத்தில்தான் ஊர் லேசானது. முதல் நாள் சடையப்பன் இடுப்பு வலியில்லாமல் எழுந்து உட்கார்ந்தான். அப்படியே அடுப்படிக்குப் போய் அக்காவை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தான். "அடேய், கரண்டி கையில இருக்குது, விடுடா" என்று அத்தாயி சிரித்தாள். அவன் விடவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டே வாசல்வரை போனான், வாசலில் இறக்கிவிட்டு ஆட்டுக்குட்டியைத் தூக்கினான், பிறகு பால்காரரிடம் கேட்டு எருமையைத் தூக்கினான். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பால்காரர் எருமையைத் தோளில் போட்டுக்கொண்டு பதினெட்டு அடி நடப்பான், நாங்கள் இரண்டு பக்கமும் மிதந்துகொண்டு அடியை எண்ணுவோம், எருமை அசைபோடும்.

ரிசார்ட்டு மேலாளர் பெனடிக்ட் மட்டும் கேன் தண்ணீர் குடிக்கிறவர், அதனால் கனமாகவே இருந்தார். தினமும் காலையில் தொட்டி அரைச்சாண் குறைந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, தொம் தொம் என்று படியிறங்கி வருவார்.

"சடையப்பண்ணே, கேஸ்கெட்டு வந்துருச்சா?"

"வந்துட்டே இருக்குதுங்க சார்."

"எங்க வந்துட்டு இருக்கு?"

"கோயமுத்தூரு தாண்டிருச்சுங்க."

அடுத்த வாரம் அளவு மாறி வந்துவிட்டது என்றான். அதற்கடுத்த வாரம், மலைக் குளிருக்கு ரப்பர் சுருங்காமல் இருக்க மூன்று வாரம் வெயிலில் போட்டு எடுக்க வேண்டும் என்றான். ரப்பரைப் பற்றி ஒன்றும் தெரியாத பெனடிக்ட் அதை அப்படியே முதலாளிக்கு எழுதி அனுப்பினார். எட்டுப் புதுக் கேஸ்கெட்டும் வைகாசி பிறந்ததிலிருந்தே சடையப்பனுடைய தகரப் பெட்டியில், செய்தித்தாளில் சுருட்டி, கோகிலவாணி பள்ளிக்கூடத்தில் வாங்கிய முதல் சான்றிதழுக்குக் கீழே இருந்தன. எங்களுக்கெல்லாம் அது தெரியும். கல்யாணம் முடிகிறவரை கசியட்டும் என்று நாங்களும் வாயைத் திறக்கவில்லை. எங்களுக்கும் மூட்டு இருக்கிறதல்லவா.

கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கும்போது கோகிலவாணி லீவு போட்டுவிட்டு வந்தாள். வந்த அன்று அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, மெல்ல எழும்பி, உத்தரத்தில் தலை இடித்து, அவளும் எல்லோரையும்போலச் சிரித்தாள். மறுநாள் காலையில் எங்கள் எல்லோரையும் கூட்டிவைத்துக்கொண்டு, ஊர்ப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகப் பையிலிருந்த இரும்புக் குண்டை எடுத்துக் கழுத்தோடு சேர்த்து வைத்து, முதுகைக் காட்டி நின்று, குனிந்து, சுழன்று, தள்ளினாள். குண்டு ஒரு முழம் போய்ப் பொத்தென்று விழுந்தது. கோகிலவாணி வந்த வழியே பின்னால் பறந்துபோய் முப்பதடி தள்ளி லாண்டானா முள்வேலிக்குள் விழுந்தாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் பாதிப் பேர் தலைகீழானோம். வேலியிலிருந்து அவள் முள்ளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது சிரிக்கவில்லை.

"நான் எறிஞ்சா குண்டு போகோணும் மாமா," என்றாள் சடையப்பனிடம். "நான் போகக் கூடாது."

அன்றிலிருந்து அவள் ஓடைத் தண்ணீரைத் தொடவில்லை. விடியற்காலையில் இரண்டு குடத்தோடு ரிசார்ட்டுக்கும் மேலே இருக்கிற ஊற்றுக்குப் போய்த் தனக்கு வேண்டியதைத் தானே கொண்டுவந்தாள். மூன்றாம் நாள் அவள் நடந்த செம்மண்ணில் காலடி விழுந்தது. இரண்டு மாதத்துக்கு மேலாக எங்கள் ஊரில் யாருக்கும் காலடி இல்லை, அதனால் பிள்ளைகள் ஓடிப்போய் அதைச் சுற்றி நின்று பார்த்தார்கள். சடையப்பனும் பார்த்தான். ஐந்து விரலும் குதிகாலும் நன்றாக இறங்கிய காலடி. குனிந்து அதன் ஆழத்தை விரலால் அளந்துவிட்டு அவளிடம் போனான்.

"கல்யாணத்தன்னிக்கு மட்டும் ஒரு சொம்பு குடிச்சுரு கண்ணு," என்றான். "மாமனுக்காக."

"பாக்கலாம் மாமா," என்றாள் அவள், குடத்தை இறக்கி வைத்துக்கொண்டே. பாக்கலாம் என்று அவள் சொன்னால் மாட்டேன் என்று அர்த்தம், அது சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ஆனி இருபதாம் தேதிக்கு மேல் காற்று கிளம்பியது. ஆடியில் வர வேண்டிய மேற்குக் காற்று, அந்த வருடம் அதற்கும் ஏதோ அவசரம். முதல் வீச்சிலேயே பஞ்சாயத்துத் தலைவி பாவாயி, ரேஷன் கடை வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தவர், பேச்சை நிறுத்தாமலே மேலே போய்ச் சவுக்கு மர உச்சியில் சிக்கினார். அங்கேயே உட்கார்ந்து இரண்டு மணி நேரம் ஊரை நிர்வாகம் செய்தார், இரண்டு மனுவில் கையெழுத்தும் போட்டார். கயிறு போட்டு இறக்கிய பிறகு தலைமுடியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்பாங்க. நாம அந்த அம்மிக் குழவியை நம்பித்தான் நிக்கறோம். கசிவை அடைக்கறதா வேண்டாமா, சொல்லுங்க."

யாரும் அடைக்கச் சொல்லவில்லை. இன்னொரு குழவி சேர்த்துக் கட்டிக்கொள்கிறோம் என்றோம். தலைவி சடையப்பனைப் பார்த்தார், சடையப்பன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தான். அது மண்ணில் படாமல் நின்றது.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, நல்ல வெயிலில், அத்தாயி மொட்டைப்பாறை விளிம்பில் கல்யாணப் புடவைகளை உலர்த்திக்கொண்டிருந்தாள். காற்று வந்து அவள் கட்டியிருந்த புடவைக்குள் புகுந்துகொண்டது, இடுப்புக் கயிறு நழுவி இரண்டு குழவியும் கீழே விழுந்தன, அவள் கையில் ஒரு கிளிப்போடு எழும்பினாள். பாறைக்கு அந்தப் பக்கம் ஆயிரம் அடிப் பள்ளம். கீழே பந்தலுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்த சடையப்பன் பார்த்துவிட்டு, இடுப்புக் குழவியை அவிழ்த்தெறிந்துவிட்டு ஓடி, பாறையேறி, எட்டிக் குதித்து அக்காவின் கணுக்காலைப் பிடித்தான். பிடித்துவிட்டானே தவிர அவனும் லேசானவன்தானே, காற்று இரண்டு பேரையும் சேர்த்து விளிம்பைத் தாண்டிக் கொண்டுபோனது.

"தம்பி," என்றாள் அத்தாயி மேலேயிருந்து, "அடுப்புல பால் வெச்சுட்டு வந்துட்டன்." பிறகு கீழே பார்த்தாள். பார்த்த பிறகு அவள் குரல் மாறிவிட்டது. "விட்டுராதடா."

"விட மாட்டன் அக்கா."

அவன் சொன்னது உண்மைதான், அவன் விடவில்லை. ஆனால் அவனைப் பிடிக்க யாரும் இல்லை. நாங்கள் எல்லோரும் கீழே நின்று கையை நீட்டினோம், எங்களில் யார் குதித்தாலும் சங்கிலியில் இன்னொரு கண்ணி சேருமே தவிர ஒருவரும் திரும்பி வரப்போவதில்லை. அப்போது ஊற்றிலிருந்து வந்துகொண்டிருந்த கோகிலவாணி இரண்டு குடத்தையும் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அவள் ஓடிய ஓட்டத்தில் பாறை அதிர்ந்ததை நாங்கள் கீழேயிருந்தே உணர்ந்தோம். விளிம்புக்கு ஓரமாக இருந்த மண் திட்டில் குதிகால் இரண்டையும் ஊன்றி, முன்னால் சாய்ந்து, மாமனின் காலை எட்டிப் பிடித்தாள். காற்று இழுத்தது, அவளும் இழுத்தாள். தொண்ணூற்றாறு கிலோ ஒரு அங்குலம் அசையவில்லை. பட்டத்தை இறக்குவதுபோலக் கைக்குக் கை மாற்றி முதலில் மாமனை இறக்கினாள், பிறகு அம்மாவை இறக்கினாள், இறக்கியதும் இரண்டு பேர்மேலும் உட்கார்ந்துகொண்டாள்.

காற்று அடங்கிய பிறகும் சடையப்பன் அக்காவின் கணுக்காலை விடவில்லை. "பயந்துட்டன் அக்கா," என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதான். அவன் அழுது நாங்கள் பார்த்ததில்லை, இடுப்பு ஒடிந்தபோதுகூட அவன் அழவில்லை. பிறகு எழுந்து வீட்டுக்குப் போனான், தகரப் பெட்டியைத் திறந்தான், சான்றிதழை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்துக்கொண்டான். அத்தாயி வாசலை மறித்தாள்.

"இன்னும் நாலே நாளுதானேடா. இப்ப அடைச்சுட்டா அவளை நீ எப்படித் தூக்குவ?"

"தூக்க முடியலீன்னா மாமன் முறை போகட்டும்," என்றான் சடையப்பன். "அக்காவே போயிட்டா யாரை வெச்சு நான் மாமன்?"

மேலே போய் முதலில் அவன் ஒன்றும் செய்யவில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டு, தொட்டியைத் தானாகக் கசிய விட்டுவிட்டு, பெனடிக்ட் கொடுத்த நாற்காலியில் தன்னைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். தண்ணீர் எந்த மட்டத்தில் இறங்காமல் நிற்கிறதோ அந்த மட்டத்தில்தான் கடைசி ஓட்டை இருக்கிறது என்பது அவன் கணக்கு. தண்ணீர் எல்லாவற்றுக்கும் கீழே இருந்த எட்டாவது பீச்சுக்குழாய்க்கு நேராக வந்து நின்றது. மிச்சத்தையும் வடித்துவிட்டு, பக்கப் பலகையைக் கழற்றி, குழாய்களைச் சுற்றி அடைத்திருந்த மஞ்சள் நுரையைக் கரண்டியால் சுரண்டி எடுத்து, ஒவ்வொரு பீச்சுக்குழாயாகத் திருகிக் கழற்றினான். பழைய கேஸ்கெட்டு அப்பளம்போல் கையிலேயே நொறுங்கியது. அது ஒட்டியிருந்த இடத்தைத் துணியால் துடைத்து, மழமழவென்று ஆகும்வரை மறுபடி துடைத்து, புதுக் கேஸ்கெட்டை அதன் உதடுபோன்ற விளிம்பு உள்பக்கம் பார்க்க வைத்து, கையால் இறுகுகிறவரை இறுக்கி, அதற்கு மேல் ஸ்பானரால் கால் சுற்று. கால் சுற்றுக்கு மேல் போனால் ரப்பர் பிதுங்கிவிடும், ஆசைப்பட்டு இறுக்குகிறவன் வேலை ஆறே மாதம் என்பான். எட்டுக்கும் கால் சுற்று, கால் சுற்று என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தான். நிரப்பி, மோட்டாரைப் போட்டு, அடியில் செய்தித்தாளை விரித்து வைத்து ஒரு மணி நேரம் பார்த்தான். காகிதம் நனையவில்லை.

பிறகு அவன் ஒரு காரியம் செய்தான், அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. பாறைக் குழியில் கடைசியாகத் தேங்கியிருந்த கசிவுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து இடுப்பில் செருகிக்கொண்டான்.

இரண்டாம் நாள் சாயங்காலம் எங்களுக்குக் கனம் வந்தது. முதலில் குதிகாலில், பிறகு முழங்காலில், பிறகு தோளில். வருவதற்கு எவ்வளவோ வழியிருந்தும் பழைய வலிகள் எல்லாம் அவரவர் வீடு தவறாமல் சரியாக வந்து சேர்ந்தன. எருமை கொட்டகை வாசலில் நாலு காலையும் ஊன்றி நின்று, மூன்று மாதத்துக்குப் பிறகு சேற்றில் இறங்கி, கண்ணை மூடிக்கொண்டது. நாங்கள் கொஞ்சம் முனகினோம், நிறையச் சாப்பிட்டோம், கட்டிலோடு கட்டிக்கொள்ளாமல் புரண்டு படுத்தோம். குழவிகளை அவரவர் அம்மிக்குத் திருப்பிக் கொடுத்தோம், சில வீடுகளில் குழவி மாறிப்போய் அந்தத் தகராறு இன்னும் ஓடுகிறது, இப்போது அறைந்தால் நன்றாகவே படுகிறது.

கல்யாணத்தன்று காலை ஏழு மணி முகூர்த்தம். பந்தல்காலில் குலை தள்ளிய வாழைமரம் இரண்டு பக்கமும் கட்டியிருந்தது. ஏழுமலை குளித்து, புது வேட்டி கட்டி, இடுப்பில் துண்டை வரிந்துகொண்டு, ஒரு ஓரமாகத் தயாராக நின்றான். நாதஸ்வரக்காரர் சடையப்பனைப் பார்த்து வாசிப்பைக் கொஞ்சம் இழுத்தார். சடையப்பன் பெண் இருந்த அறைக்குள் போனான், நாங்கள் கதவிடுக்கில் தலைகளை அடுக்கினோம்.

கோகிலவாணி கூரைப்புடவையில், ஜிமிக்கியும் நெற்றிச்சுட்டியுமாக முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். முக்காலி அவளுக்குக் கீழே இருக்கிறதா என்று தெரியவில்லை. சடையப்பன் பாட்டிலை நீட்டினான்.

"இதைக் குடிச்சுரு கண்ணு. ஒரு மொடக்கு போதும். கடைசித் தண்ணி."

அவள் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இந்தக் கனத்துக்கு நான் எத்தனை சோறு தின்னுருக்கேன் தெரியுமா மாமா," என்றாள். "இது இல்லீன்னா அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் எங்கே இருந்துருப்பீங்க?"

"தெரியும் சாமி," என்றான் சடையப்பன். "ஆனா மூணாவது காலு பட்டுருச்சுன்னா நான் உனக்கு மாமனில்ல. உன் பிள்ளைக்குக் காது குத்த மடியில வெக்கறது நானில்ல. அதை என்னால தாங்க முடியாது."

கோகிலவாணி எழுந்து, பாட்டிலோடு வெளியே வந்து, பந்தல்காலுக்கு இந்தப் பக்கம் நின்று, அதில் இருந்ததை முழுக்க இடது பக்கத்து வாழைமரத்தின் அடியில் ஊற்றினாள். வாழைமரம் ஒரு முறை சிலிர்த்து, குலையோடும் பூவோடும் மேலே கிளம்பி, கட்டிய கயிறு நீளும்வரை போய்ப் பந்தலுக்கு மேலே நின்று ஆடியது. ஏதோ புதுவித அலங்காரம் என்று மாப்பிள்ளை வீட்டார் கை தட்டினார்கள். சடையப்பன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தான், அவன் முகத்தைப் பார்க்க எங்களுக்குப் பாவமாக இருந்தது.

அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவனைக் கோகிலவாணி குனிந்து, முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து, பயிற்சியில் சொல்லிக் கொடுத்த முறைப்படி அள்ளி எடுத்துத் தன் தோளில் உட்காரவைத்தாள்.

நாதஸ்வரம் நின்றுவிட்டது. ஏழுமலை ஒரு அடி முன்னால் வந்தான்.

"இது முறையில்லீங்களே," என்றான். "மாமன் தூக்கறதுதானுங்க வழக்கம்."

எல்லோரும் பாவாயியைப் பார்த்தோம். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு எழுந்து வந்து, குனிந்து, தரையை நன்றாகப் பார்த்தார்.

"மாமனும் மருமகளும் வரும்போது தரையில எத்தனை காலு படலாம் ஏழுமலை?"

"ரெண்டுங்க."

"எண்ணிச் சொல்லு."

ஏழுமலை எண்ணினான். அவன் நேர்மையானவன், இரண்டு முறை எண்ணினான். "ரெண்டுதானுங்க," என்று சொல்லிவிட்டு, இடுப்புத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாதஸ்வரக்காரரைப் பார்த்து ஊதுங்க என்று கையைக் காட்டினான்.

பதினெட்டு அடியையும் நாங்கள் வாய்விட்டு எண்ணினோம். ஒவ்வொரு அடிக்கும் சாணி மெழுகிய தரையில் ஐந்து விரலும் குதிகாலுமாக ஒரு தடம் விழுந்தது. மணவறையில் கதிரேசன் மாலையோடு எழுந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தான், பஸ்ஸில் ஏறும் கூட்டத்துக்குச் சொல்கிற பழக்கத்தில், "முன்னால வாங்க, முன்னால வாங்க," என்றான். அத்தாயி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. தோளின் மேல் சடையப்பன், மூன்று வருடத்தில் முதல் முறையாக இடுப்பு வலியையும் ஏழுமலையையும் ஒன்றாக மறந்து, ஊரை மேலேயிருந்து பார்த்தான். ஓடை தெரிந்தது, மேகமாளிகையின் தொட்டியிலிருந்து ஆவி எழும்புவது தெரிந்தது, தொட்டிக்குக் கீழே பாறை காய்ந்து கிடப்பதும் தெரிந்தது. பதின்மூன்றாவது அடியில் அவள் லேசாகக் குலுங்க, அவன் பயந்துபோய்க் கைக்கு அகப்பட்டதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"காதை விடுங்க மாமா," என்றாள் கோகிலவாணி, நடையை நிறுத்தாமல். "ஜிமிக்கி கழண்டுரும்."

அவன் விடவில்லை. மணவறை கொஞ்சம் வலது பக்கமாக இருந்ததால் வலது காதை மெதுவாகத் திருகினான்.